வின்சன்றின் சைவக்கடை

குருநகர்ப் பங்குச் சுவாமி அவர்களுக்கு,

அரியாலையில் வாய்க்கு ருசியாகச் சாப்பிட ஒரு கடையும் இல்லை என்று சொல்கிறவர்கள் தேடிப் பார்க்காதவர்கள். நான் தேடிப் பார்த்தவன். போன வருடம் தை மாதம் தொடங்கி ஏழு மாதம் கடைச் சாப்பாட்டிலேயே காலம் கழித்தவன். போன ஞாயிற்றுக்கிழமை என் மகளின் மாமியார் லூர்த்தம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தீர்கள். திரும்பிப் போகும்போது வாசல் படலையடியில் நின்று, "உங்களுக்கு ஏதும் சொல்ல இருக்கோ, தம்பிஐயா?" என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். இருக்கிறது. ஆனால் கடைகளிலிருந்து தொடங்கினால்தான் அது ஒழுங்காக வரும்.

நான் முப்பத்தொரு வருடம் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்து இளைப்பாறியவன். ஊரில் இன்னும் பி.எச்.ஐ. ஐயா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பிறருடைய குசினிகளுக்குள் புகுந்து பானை திறந்து பார்த்தே காலம் கழித்த எனக்கு என் வீட்டுக் குசினியில் அடுப்பு மூட்டத் தெரியாது. தொண்ணூற்றோராம் ஆண்டு மார்கழியில் என் மனைவி ஞானாம்பிகை காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சொந்தக்காரர் எல்லோரும் போன மறுநாள், ஒரு முட்டையை அவித்து அதையும் வெடிக்கப் பண்ணினேன். அன்றைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன்.

எதிர்வீட்டுச் செல்வரட்ணமும் சேர்ந்துகொண்டார். இளைப்பாறிய கணக்கு வாத்தியார். மனைவி கொழும்பில் மகளோடு இருந்தபடியால் அவருக்கும் கடைச் சாப்பாடுதான். ஒரு கிழமைக்கு ஒரு கடை என்று வைத்துக்கொண்டோம். தண்டவாளமெல்லாம் பங்கர் கட்டக் கிளப்பப்பட்ட பிறகும் ரயில்கடவைக் கடை என்றே பெயர் வழங்கிய இடத்தில் பிட்டு பூப்போல இருக்கும், ஆனால் தேங்காய்ப்பூவை எண்ணிப் போடுவார்கள். மாம்பழம் சந்திக்குக் கிட்ட ஒரு கடையில் தோசை நல்லது, கல்லைத் துடைக்கிற துணி நல்லதில்லை. கிழக்கே கடல்நீரேரிப் பக்கம் ஓலைக் கொட்டிலில் ஒரு கடை. அங்கே நண்டுக்கறி சாப்பிட்டுவிட்டு செல்வரட்ணம், "அண்ணை, உந்தக் கறிக்காகவே இன்னும் பத்து வரியம் உயிரோடை இருக்கலாம்" என்றார். யுத்தம் நடந்த பொருளாதாரத் தடைக் காலம். சீனி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, மின்சாரத்தை மறந்தே போனோம். ஆனால் நான் ஒன்றைக் கவனித்தேன். சாமான் இல்லாத காலத்தில்தான் சமைக்கத் தெரிந்தவன் யார் என்று தெரியவருகிறது.

மாசி மாதத்தில் ஒரு நாள் கண்டி வீதியில் புதிதாக ஒரு சைவக்கடை கண்ணில் பட்டது. நாலு மேசை. சாணம் மெழுகிய நிலம். முன்னால் ஒரு பிள்ளையார் படம், அதற்கு ஒரு செவ்வரத்தம்பூ. தேத்தண்ணிக் கிளாசுகளைச் சுடுநீரில் போட்டு எடுத்து வைத்திருந்தார்கள். என் உத்தியோக காலத்தில் எத்தனை கடைக்காரரிடம் இதைச் சொல்லித் தொண்டை வறண்டிருப்பேன். கடைக்கார இளைஞன் இரண்டு தோசையும் சம்பலும் கொண்டுவந்து வைத்தான். ஒரு துண்டு பிய்த்துச் சம்பலில் தொட்டு வாயில் வைத்தேன்.

வெங்காயத்தைப் பச்சையாகப் போடாமல் அடுப்புச் சாம்பலில் சுட்டுப் போட்டு இடித்த சம்பல். பச்சை வெங்காயம் என் வயிற்றுக்கு ஒத்துவராது என்பதற்காக ஞானாம்பிகை கண்டுபிடித்த முறை அது. வேறெந்த வீட்டிலும் நான் அதைக் கண்டதில்லை. எனக்குக் கண்ணில் நீர் வந்தது. "உறைப்போ, அண்ணை?" என்றார் செல்வரட்ணம். ஓம், உறைப்புத்தான் என்றேன். குசினியை மறைத்து ஒரு சாக்குத் திரை தொங்கியது. அதற்குப் பின்னால் நிற்பது என் மகள் அருந்ததி என்று எனக்கு ஒருவரும் சொல்லத் தேவைப்படவில்லை.

அருந்ததி எண்பத்தைந்தாம் ஆண்டு வீட்டைவிட்டுப் போனவள். குருநகர் வின்சன்றைப் பதிவுத் திருமணம் செய்தாள். கடல் தொழில் செய்கிற கத்தோலிக்கக் குடும்பம். நீங்கள் சாதி பார்த்தீர்களா சமயம் பார்த்தீர்களா என்று கேட்டால், இரண்டும்தான். அதற்குப் பிறகு அவளுடைய பெயரை வீட்டில் எடுக்க நான் விடவில்லை. தாய் செத்தபோது அவள் வந்தாள். கையில் பிள்ளையோடு படலைக்கு வெளியே நின்றாள். போய் உள்ளே வா என்று சொல்லச் செல்வரட்ணம் எழும்பினார். நான் அவருடைய சால்வையைப் பிடித்து இருத்தினேன். பாடை படலையைத் தாண்டியபோது அவள் றோட்டில் இருந்தபடியே கும்பிட்டாள். இதையெல்லாம் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் நான் கல்நெஞ்சக்காரன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. எனக்கு அன்றைக்கு நெஞ்சு வெடித்தது.

மறுநாளும் அந்தக் கடைக்குப் போனேன். அதற்கு அடுத்த நாளும் போனேன். பிறகு வேறு கடை தேடவில்லை. காலையில் தோசை, மத்தியானம் சோறும் தேங்காய்ப்பால் சொதியும், பின்னேரம் ஒரு பிளேன்ரீ, அதோடு கடிக்க ஒரு துண்டு பனங்கட்டி. என் இலைக்கு மட்டும் கத்தரிக்காய்ப் பால்கறி ஒரு கரண்டி கூட வரும். திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்கும். நான் வாய் திறக்கவில்லை. அவளும் வெளியே வரவில்லை. பெர்னடெட் என்கிற பேத்தி, ஐந்து வயது, மேசைக்குப் பக்கத்தில் வந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்தப் பிள்ளைக்கு ஞானாம்பிகையின் நெற்றி.

வின்சன்ற் நல்ல பெடியன். இதை நான் அவனுடைய தாயிடமும் சொல்வேன். ஒரு நாள் கடையில் ஆளில்லாத நேரம் என் முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஐயா, அவ உள்ளைதான் நிக்கிறா. ஒருக்கால் ஒரு சொல்லுக் கதையுங்கோவன். நீங்கள் வந்துபோனாப் பிறகு அவ ஒவ்வொரு நாளும் அழுறா."

"சொதி கொஞ்சம் ஊத்தும்" என்றேன்.

ஊற்றினான். கோபமே வரவில்லை அவனுக்கு. பிறகு தானாகவே பேச்சை மாற்றி, கடை போட்ட கதையைச் சொன்னான். கடற்படை தடை போட்ட பிறகும் மீன்பிடிக்கப் போன அவனுடைய கூட்டாளிகள் மூன்று பேர் திரும்பவில்லை. இனிக் கடலில் கால் வைப்பதில்லை என்று பிள்ளையின் தலையில் அடித்து அருந்ததி சத்தியம் வாங்கினாளாம். அவளுடைய தாலிக்கொடியை விற்றுத்தான் இந்தக் கடை. "இது நடந்தால் நான் உயிரோடை இருப்பன், ஐயா. இல்லாட்டி எனக்குத் தெரிஞ்சது வலையும் வள்ளமுந்தான்" என்று சிரித்துக்கொண்டு சொன்னான்.

கடை நடந்தது. நடத்தினது நான்தான் என்று சொன்னால் பெருமைக்குச் சொல்வதாக நினைக்காதீர்கள். குருநகர்க் கிறிஸ்தவன், வேதக்காரன், போட்ட சைவக்கடையில் சாப்பிடலாமோ என்று முதலில் சனம் தயங்கியது. பி.எச்.ஐ. ஐயாவே மூன்று நேரமும் சாப்பிடுகிறார் என்று தெரிந்த பிறகு வரத் தொடங்கினார்கள். ஆனி மாதத்தில் இருக்க இடம் கிடைக்காமல் நாங்கள் வாசலில் காத்து நின்றோம். இன்னும் இரண்டு மேசை போடப் போவதாக வின்சன்ற் சொன்னான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்தக் கடை இருக்கும்வரை அவள் வீட்டுக்கு வரமாட்டாள். ஏன் வருவாள்? புருஷன் இருக்கிறான், பிள்ளை இருக்கிறது, தொழில் இருக்கிறது. தகப்பன்கூட நாளுக்கு மூன்று தரம் வந்து போகிறான். நான் கூப்பிட்டிருந்தால் மூன்று பேரும் வந்திருப்பார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மை. ஆனால் பிழை செய்தது அவள். பிழை செய்தவள்தானே திரும்பி வரவேண்டும். ஏழு வருடம் பேசாமல் இருந்த தகப்பன் சாக்குத் திரையை விலக்கிக்கொண்டு குசினிக்குள் போவது எந்த ஊர் முறை?

நல்லூர்த் திருவிழா எங்கள் ஆட்களுக்கு எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கொடியேறினால் இருபத்தைந்து நாள் வீட்டில் மீன், முட்டை என்று எந்த மச்சமும் இல்லை. மீன் சமைத்த சட்டிகளைக் கட்டிப் பரணில் போட்டுவிடுவார்கள். கொடியேற்றத்துக்கு முதல் நாள் நானும் செல்வரட்ணமும் கடல்நீரேரிப் பக்கத்துக் கொட்டில் கடையில் கடைசியாக மீன் சாப்பிட்டோம். விளைமீன் குழம்பு. நடுமுள்ளில் ஒரு கணுவை, ஒரு ரூபாய்க் குற்றியளவு இருக்கும், கைலேஞ்சியில் சுற்றி எடுத்து வந்தேன். வீட்டில் கழுவி, வெயிலில் காயவைத்து, உத்தியோக காலத்தில் கந்தோரில் இருந்து எடுத்து மிஞ்சிய மண்ணிறக் கடித உறை ஒன்றில் போட்டு வைத்தேன். பன்னிரண்டு நாள் அது என் சேட்டுப் பையில் இருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் வின்சன்றின் கடையிலேயே சாப்பிட்டேன், ஒவ்வொரு நாளும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டேன். நான் அவசரக்காரன் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பதின்மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. தென்மராட்சிப் பக்கமிருந்து கோயிலுக்கு வந்தவர்கள், காவடி எடுத்தவர்கள், கடை நிறையச் சனம். சொதி வாளியை எங்கள் மேசையில் வைத்துவிட்டு வின்சன்ற் அப்பளம் எடுக்கப் போனான். செல்வரட்ணம் விபூதியைச் சரிசெய்ய நெற்றியில் கை வைத்தார். வாளிக்குள் விழும்போது ஒரு சத்தமும் வரவில்லை.

அவர்தான் ஊற்றினார். இடியப்பத்தின்மேல் வெள்ளையாகக் கிடந்ததை முதலில் தேங்காய்ச் சொட்டு என்று நினைத்திருக்க வேண்டும், வாயில் வைத்துவிட்டார். பிறகு எடுத்துப் பார்த்தார். "ஐயோ முருகா, மீன்முள்ளடா!" என்று கத்தினார். இருபத்தைந்து நாளும் ஒரு நேரச் சாப்பாட்டோடு விரதம் இருக்கிற மனிதர். பின்பக்கம் ஓடிப்போய்ச் சத்தி எடுத்தார்.

கடை முழுக்க எழும்பியது. ஒருவர் அந்த முள்ளைக் கடுதாசியில் வைத்து என்னிடம் நீட்டினார். "பி.எச்.ஐ. ஐயா, நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ." வின்சன்றும் என்னைத்தான் பார்த்தான். சாக்குத் திரை விலகியது. ஏழு வருடத்துக்குப் பிறகு என் மகளின் முகத்தை அன்றைக்குத்தான் கிட்டத்தில் கண்டேன். மெலிந்திருந்தாள். நான் முள்ளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "மீன்முள்ளுத்தான்" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. சொன்ன சொல்லில் பொய்யும் இல்லை.

கல்லெறியவில்லை, அடிக்கவில்லை, எங்கள் சனம் அப்படியான சனம் இல்லை. வரவில்லை, அவ்வளவுதான். மறுநாள் காலையில் அவன் அரைத்து வைத்த தோசை மா புளித்து வழிந்ததாகச் செல்வரட்ணம் சொன்னார். பிள்ளையார் படத்தைக் காட்டி ஏமாற்றிவிட்டான் என்று கோயில் வீதிவரை கதை போய்விட்டது. தேர்த் திருவிழா வருமுன்னமே கடையைப் பலகை போட்டு மூடிவிட்டான்.

புரட்டாதியில் வின்சன்ற் குருநகரில் தமையனின் வள்ளத்தை எடுத்தான். மூன்றாம் முறை போனபோது கடற்படை சுட்டது. இரண்டு நாள் கழித்துப் பாசையூர்க் கரையில் ஒதுங்கினான். நீங்கள்தான் அடக்கப் பூசை வைத்தீர்கள். நான் கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். நான் அழுததை நீங்கள் பார்த்தீர்கள். அது பொய்யழுகை இல்லை, சுவாமி. அந்தப் பெடியனை எனக்குப் பிடித்திருந்தது.

ஐப்பசியில் அருந்ததி பிள்ளையோடு வீட்டுக்கு வந்தாள். இந்த முறை படலையைத் திறந்து வைத்திருந்தேன். வந்து குசினி வாசலில் இருந்துகொண்டு ஒரு கதை சொன்னாள். அது எனக்கு முன்பு தெரியாது.

"அந்த முள்ளு என்ரை பிழையாலை வந்ததப்பா. அதுக்கு முதல்நாள் பெர்னடெட்டுக்குக் காய்ச்சல். ஒண்டும் தின்னாமல் கிடந்தவள். மாமி இரங்கி ஒரு சின்னச் சட்டியிலை மீன் சொதி குடுத்துவிட்டவ. வேதக்காரருக்கு விரதம் இல்லைத்தானே, பிள்ளைக்குத்தானே எண்டு கடை அடுப்பிலை சூடாக்கிக் குடுத்தனான். அகப்பையை மூண்டு தரம் கழுவினனான். எண்டாலும் முள்ளு எங்கையோ ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கு. அவரைக் கடலுக்கு அனுப்பினது இந்தக் கைதான்."

முப்பத்தொரு வருட அனுபவத்தில் சொல்கிறேன், ஒரு ரூபாய்க் குற்றியளவு முள்ளு அகப்பையில் ஒட்டாது. அப்படி ஒட்டியிருந்தாலும் முதல் கழுவலிலேயே போய்விடும். நான் இதை அவளிடம் சொல்லவில்லை. அவளுடைய தலையில் கை வைத்தேன். "நடந்தது நடந்துபோச்சு, பிள்ளை. நான் உன்னை மன்னிச்சிட்டன்" என்றேன். அவள் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்றைக்கு எனக்கிருந்த ஆறுதலை இந்தக் கடிதத்தில் எழுத முடியாது.

இப்போது அவள்தான் எனக்குச் சமைக்கிறாள். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு சட்டியையும் சமைக்க முன் ஒரு தரமும் சமைத்த பின் இரண்டு தரமும் அவிக்கிறாள். சவர்க்காரம் கிடைக்காத காலம், சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல் இடுக்கெல்லாம் வெடித்துப் போயிற்று. அகப்பையைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். போதும் விடு என்று நான் சொல்வதுண்டு. பாவம், கேட்கிறாள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை லூர்த்தம்மா சொன்னது உங்கள் காதிலும் விழுந்தது. "அந்தச் சொதியை நான் குடுத்துவிடாட்டி என்ரை பிள்ளை இருந்திருப்பான், மோனை. என்னிலைதான் பிழை. என்னை மன்னிச்சு, பேத்திக் குஞ்சையும் கூட்டிக்கொண்டு வீட்டை வா" என்று கையைப் பிடித்து இழுத்தார். அருந்ததி எழும்பவில்லை. "எந்த முகத்தோடை மாமி உங்கடை குசினிக்குள்ளை வாறது? உங்கடை பிள்ளையைக் கொண்டவள் நான்" என்று சுவரில் தலையை மோதினாள். இரண்டு பெண்களும் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் சாய்மனைக் கதிரையில் இருந்தேன். அப்போதுதான் நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. முள்ளு கண்டெடுத்த அன்று பின்னேரம் வின்சன்ற் என் வீட்டுக்கு வந்தான். உள்ளே வரவில்லை, வாசற்படியில் நின்றான்.

"ஐயா, எப்பிடி வந்ததெண்டு எனக்குத் தெரியாது. பிள்ளையாணை எங்கடை குசினியிலை இண்டைக்கு மச்சம் இல்லை. நீங்கள் நாளைக்கு ஒருக்கால் வந்து இருந்து சாப்பிட்டாலே காணும், சனம் திரும்பி வரும். இல்லாட்டி நான் கடலுக்குத்தான் போகவேணும். அவவுக்கு இதைச் சொல்லேலாது."

நான் போய் ஒரு தோசை சாப்பிட்டிருந்தால் போதும். அந்தக் கடை இன்றைக்கும் நடக்கும். அவன் இன்றைக்கும் இருப்பான். கடலுக்குப் போனால் என்ன நடக்கும் என்று அவன் தன் வாயாலேயே முன்பு எனக்குச் சொல்லியிருந்தான். எல்லாம் தெரிந்துகொண்டுதான், "விரதம் முடியட்டும் பாப்பம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். முள்ளைப் போட்டது நான். கதவைச் சாத்தியதும் நான். வேறொருவருக்கும் இதில் பங்கில்லை.

நான் உங்கள் சமயத்தவன் இல்லை. ஆனால் பாவசங்கீர்த்தனமாக உங்களிடம் சொன்னதை நீங்கள் வெளியே விடுவதில்லை என்று செல்வரட்ணம் சொன்னார். அந்தச் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே. அதை நம்பித்தான் எழுதுகிறேன். அருந்ததிக்குத் தெரிந்தால் அவளுடைய நெஞ்சில் இருக்கிற பாரம் அந்த நிமிடமே இறங்கிவிடும். நான் அறியாததில்லை. ஆனால் பாரம் இறங்கினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கே குருநகருக்குப் போய்விடுவாள். எனக்கு அறுபத்தாறு வயது, சுவாமி. இந்த வயதில் மறுபடியும் கடை கடையாகத் திரிய என்னால் முடியாது.

ஒரேயொரு உதவி கேட்கிறேன். லூர்த்தம்மா உங்களிடம் வந்து அழும்போது, இனி அழவேண்டாம் என்று சொல்லுங்கள். மீன் சொதி கொடுத்துவிட்டதை அவர் பெரிய குற்றமாக எடுக்கத் தேவையில்லை. அருந்ததியை மன்னித்ததுபோல அவரையும் நான் மனதார மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
வே. தம்பிஐயா